வேலிக்கு வெளியில ஒரு மெழுகுதிரி

அந்தோனியார் துணை

லா சப்பல், பாரிஸ்
09-02-2025

அன்புள்ள தம்பி பேதுருவுக்கு,

அக்கா எழுதிக்கொள்ளுறது. நீயும் கஜானியும் பிள்ளையளும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுறன். என்ர சுகத்தைக் கேக்காதை. பிறசர் ஏறிக் கிடக்கு. ஏத்தினது நீதான்.

இதென்ன காயிதம் வந்திருக்கு எண்டு முழிப்பாய். போனில கேட்டா "அக்கா, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சிடுவாய். காயிதத்தை அப்பிடி வைக்கேலாது. அன்ரன் அண்ணை மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடனோட வாறார், அவரிட்டைக் குடுத்து விடுறன்.

விசயத்துக்கு வாறன். போன கிழமை நான் கடையில ஒரு பொம்பிளைப்பிள்ளைக்குக் கலியாணச் சட்டை தைச்சுக்கொண்டு இருக்கிறன். ஃபொபூர் சேன்-தெனியில சனிக்கிழமைச் சனம் எப்பிடி எண்டு உனக்குத் தெரியாது, கால் வைக்க இடமிராது. அதுக்குள்ள ஒரு வெள்ளைப் பிள்ளை வந்து நிக்குது. பேர் நதாலி. "நீங்கள்தானே முசியோ பேதுருவின்ர அக்கா?" எண்டு கேக்குது. நீ மன்னாரில வேலை செய்யிற நிறுவனத்தின்ர பாரிஸ் கிளைக் கந்தோராம். "மாற்றம் காணும் நாடுகளில் ஜனநாயகத்துக்கும் சிறுபான்மையினர் உரிமைக்கும் கைகொடுப்போம்" எண்டு தமிழிலயும் பிரெஞ்சிலயும் கார்ட்டில அடிச்சிருக்கு. கையில ஒரு கடதாசி. எங்கட நாவலடிக்குடாச் சேமக்காலையில ஆக்களைப் புதைச்ச குடும்பங்கள் எல்லாம் அதில கையெழுத்து வைக்கோணுமாம். சேமக்காலை திரும்பிக் கிடைச்சிட்டுது, திருத்தியும் தந்தாச்சு, எங்களுக்குத் திருப்தி எண்டு.

திருப்தியோ? ஆருக்கடா திருப்தி?

படைக்காரர் காம்ப் அடிக்கிறதுக்கு எண்டு ஊரையே கலைச்சாங்கள். கோயில், கிணறு, சேமக்காலை எல்லாத்தையும் முள்ளுக்கம்பிக்குள்ள போட்டாங்கள். சனம் இண்டைக்கும் காட்டுக்கரையில தகரத்துக்குக் கீழ வேகுது. கடதாசியில அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. விலாசம் ஆர் தந்தது எண்டு கேட்டன். நீயாம். எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியோ?

அங்கை அம்மா இருக்கிறா, ஐயா இருக்கிறார். என்ர மூத்தவன் இருக்கிறான். பிறந்த அண்டைக்கே போனவன், நீ கண்ணால காணாதவன். அந்த இடத்தைப்பற்றி என்னட்டைக் கேக்காமல் ஆரும் திருப்திப்படேலாது. நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. அங்கை உண்மையில என்ன நடந்தது எண்டு எழுது.

கஜானியை விசாரிச்சதாச் சொல்லு.

கோவத்தோட,
அக்கா அற்புதமலர்


மன்னார்
02-03-2025

பாசமுள்ள அக்கா அவர்களுக்கு,

யேசுவின் இரக்கத்தால் இங்கு நாங்கள் யாவரும் சுகம். தங்கள் இரத்த அழுத்தம் தணிய வேண்டுகிறோம். மருந்தை ஒழுங்காக எடுங்கள். தங்கள் மகள் சுஜானிக்கும் எங்கள் அன்பு.

அன்ரன் அண்ணை கடிதத்தைத் தந்தார். தங்களிடம் முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. வேலைப் பளு அப்படி. அக்கா, நாடு இப்போது ஒரு நிலைமாறு காலத்தில் இருக்கிறது. ஆட்சி மாறியிருக்கிறது. வெளிநாடுகள் கண் வைத்திருக்கின்றன. ஜெனீவா மனித உரிமைச் சபையில் காட்டுவதற்கு முன்னேற்றம் ஏதாவது வேண்டும் என்று கொழும்புக்கும் நெருக்கடி. எங்கள் நிறுவனம் இந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துத்தான் காம்ப் பெரியவர்களோடு பேசிச் சேமக்காலையைத் திறக்க வைத்தது. போன வருடம் கல்லறைத் திருநாளன்று பகல் முழுவதும் உள்ளே போக விட்டார்கள். பாதர் பூசை வைத்தார். கல்லறை எல்லாம் வெள்ளை அடித்து, புதுச் சிலுவை நட்டு, பார்க்க அழகாக இருந்தது.

இன்னொன்று. தங்கள் பிள்ளையின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டேன். தங்கள் பெயரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். ஐயாவின் பெயரையே பிள்ளைக்கும் எழுதியிருக்கிறது, சவேரி என்று. பார்த்தால் மனம் ஆறும்.

நதாலி நல்ல பிள்ளை. எங்களுக்காக உழைக்கிறாள். தயவுசெய்து கையெழுத்தை வைத்துக் கொடுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
பேதுரு


லா சப்பல்
23-03-2025

தம்பி பேதுருவுக்கு,

நான் சுகம். சுஜானியும் சுகம்.

காயிதம் கிடைச்சுது. ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். படமும் கிடைச்சுது. மேசையில வைச்சு நெடுகப் பாத்தன்.

எனக்கு ரெண்டு விசயம் வேணும். அந்தச் சிலுவை சேமக்காலையில எந்த இடத்தில நிக்குது? அதுதான் பிள்ளையின்ர இடம் எண்டு உனக்கு ஆர் காட்டினது? வேற ஒண்டும் எழுதவேண்டாம், இது ரெண்டையும் எழுது.

அக்கா


மன்னார்
17-04-2025, பெரிய வியாழன்

பாசமுள்ள அக்காவுக்கு,

பாஸ்கு வாழ்த்துகள். இங்கு எல்லோரும் சுகம். தங்கள் கடிதம் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று கஜானி கேட்கிறாள்.

வாசலால் போய் வலப்பக்கம், மூன்றாவது வரிசை, அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் பிள்ளை. ஊரில் மூத்த ஆட்கள்தான் காட்டினார்கள். சந்தேகப்படத் தேவையில்லை.

அக்கா, ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். இது செத்தவர்களோடு மட்டும் நிற்கிற காரியமில்லை. எல்லாக் குடும்பமும் கையெழுத்து வைத்தால், அடுத்த கட்டமாகக் குடாவில் வள்ளம் இழுத்துவிட, வலை போட எங்களுக்கென்று பாடு, அதாவது ஒரு கரைத்துண்டு, தருவதாகக் காம்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எங்கள் சனம் கடலுக்குப் போவதற்குச் சிலாவத்துறைப் பக்கம் போய் அடுத்தவன் பாட்டில் கெஞ்சி நிற்கிறது. எல்லோரும் வைத்தாயிற்று. தங்களுடையது மட்டும்தான் குறை. ஒரு ஆளுக்காகச் சனம் காத்து நிற்கிறது.

நதாலி மே மாதம் பாரிசில் ஒரு படக் கண்காட்சி வைக்கிறாள். எங்கள் ஊர்ப் படமும் வரும். போய்ப் பாருங்கள், பெருமையாக இருக்கும்.

தம்பி பேதுரு


லா சப்பல்
25-05-2025

பேதுரு,

அன்புள்ள எண்டு எழுதக் கை வருதில்லை. சுகமோ எண்டு கேக்கவும் வருதில்லை.

உன்னை என்னடா செய்யிறது? வாய் கூசேல்லையோ உனக்கு?

இப்ப கேள். என்ர பிள்ளை சேமக்காலைக்குள்ள இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. தண்ணி ஊத்த முன்னம் மூச்சு நிண்டுபோச்சு. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரிச்ச மண்ணுக்குள்ள விடேலாது எண்டு கோயில் மூப்பர் வாசல்ல குறுக்க நிண்டார். பாதரும் அதைத்தான் சொன்னார். ஐயாவும் உன்ர அத்தானும் வேலிக்கு வெளியில, கடல் பக்கமா நிண்ட பாலை மரத்தடியில கிண்டித் தாட்டவை. சிலுவை வைக்க விடேல்லை. பேர் வைக்கவும் விடேல்லை. நீ அப்ப மன்னார்ப் பள்ளிக்கூட விடுதியில நிண்டனி, பதினொரு வயசு. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. ஐயா போயிட்டார், அம்மா போயிட்டா, அத்தானும் இஞ்சை போயிட்டார். இப்ப எனக்கு மட்டும்தான் அந்த இடம் தெரியும்.

அப்ப மூண்டாவது வரிசையில உனக்குக் காட்டின மூத்த ஆக்கள் ஆர்? ஆற்றை எலும்புக்கு மெழுகுதிரி கொளுத்தினாய்? எலும்பு எண்டு ஒண்டாவது அங்கை கிடக்கோ? படத்தைப் பாத்த நேரமே எனக்கு விளங்கிட்டுது. நீயா உண்மையைச் சொல்லுவாய் எண்டுதான் ரெண்டு கேள்வி கேட்டனான். நீ என்னடா எண்டா அம்மாவுக்குப் பக்கத்தில கொண்டுபோய்ப் படுக்க வைச்சாய்.

அதோட முடிஞ்சுதோ? நீ சொன்ன கண்காட்சிக்குப் போனன். லூயி-பிளாங் மேத்ரோவுக்குக் கிட்ட ஒரு மண்டபம். சுஜானியையும் கூட்டிக்கொண்டு போனன், "மாமாவின்ர வேலை, வந்து பார்" எண்டு. கோட்டுப் போட்ட ஆக்கள் கையில கிளாசோட நிக்கினம். நடுச் சுவரில ஆள் உயரத்துக்கு அந்தப் படம். சவேரி எண்டு எழுதின சிலுவை, முன்னால மெழுகுதிரி, உன்ர கையும் தெரியுது. கீழ பிரெஞ்சில எழுதியிருக்கு. சுஜானிதான் வாசிச்சாள். "பாரிசில் வாழும் அற்புதமலருக்கு முப்பத்தாறு ஆண்டுகளின் பின் மன அமைதி கிடைத்தது."

என்ர பேர், தம்பி. என்ர முழுப்பேர்.

சுஜானி திரும்பி என்னைப் பாத்தாள். "மமோ, சவேரி ஆர்?" எண்டு பிரெஞ்சில கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தவன் எண்டதை அவள் ஒரு சுவரைப் பாத்து அறிஞ்சாள். பக்கத்தில நிண்ட மனிசி ஒண்டு என்னைப் பாத்துச் சிரிச்சு, கையைப் பிடிச்சு, "எவ்வளவு அழகு, மடம்" எண்டுது. நான் கையை உதறிப்போட்டு வந்திட்டன். கார் து நோர் ஸ்டேசன் வரைக்கும் நடந்தம். சுஜானி வீட்டை வந்து அறைக்கதவைப் பூட்டினவள், அடுத்தநாள் மத்தியானம்தான் திறந்தாள்.

எனக்கு மன அமைதி கிடைச்சிட்டுதாம். குடுத்தது ஆர், நீயோ? அவங்களோ? கையெழுத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போய்ச் சொல்லு.

அற்புதமலர்


மன்னார்
29-07-2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் கஜானி எழுதுறன். சுகம் கேக்கிறன், ஆனால் எங்கட சுகத்தைப்பற்றிப் பொய் எழுதமாட்டன். இவர் உங்கட காயிதத்தை வாசிச்ச நாளில இருந்து ஆளாயில்லை. வேலைக்குப் போறார், வாறார், சாப்பாட்டை அளைஞ்சுகொண்டு இருக்கிறார். பதில் எழுதுங்கோ எண்டு ரெண்டு மாசமாச் சொல்லுறன். எழுதமாட்டன் எண்டு நிக்கிறார். அதுதான் நான் எழுதுறன்.

நடந்தது இதுதான். போன கல்லறைத் திருநாளுக்கு வாசலைத் திறந்து எங்களை உள்ளுக்கு விட்டவங்கள். உள்ளுக்குப் போனா, மச்சாள், சேமக்காலை இல்லை. சப்பட்டைத் தரை. எப்பவோ டோசர் போட்டு அடிச்சுத் தள்ளியிருக்கிறாங்கள். ஒரு பக்கம் வொலிபோல் விளையாடக் கம்பம் நட்டிருக்கு, மற்றப் பக்கம் அவங்கட சமையல்கட்டு. நடுவில புதுச் சிலுவையளை வரிசையா நட்டு வைச்சிருந்தாங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, பேர் ஒண்டும் கிடையாது. ஒரு படைக்காரப் பெடியன் வந்து பெட்டியில இருந்த மார்க்கர்ப் பேனையளை ஆளுக்கொண்டாத் தந்தான். பேரை எழுதுங்கோ எண்டு.

பேனையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டம். வெள்ளைக்காரர் வாசல்ல பாத்துக்கொண்டு நிண்டவை. பிறகு ஒரு ஆள் போய் ஒரு சிலுவையில எழுதினது. மற்ற ஆக்களும் போனம். நானும் என்ர அப்பாவுக்கு ஒண்டு தெரிஞ்செடுத்தன். வெயில் விழாத பக்கமாப் பாத்து எடுத்தன், மச்சாள். அப்பா வொலிபோல் கம்பத்துக்குக் கீழதான் கிடக்கிறார் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். இவர் உங்கட அம்மாவுக்கும் ஐயாவுக்கும் எழுதிப்போட்டுப் பாத்தார், பக்கத்தில ஒண்டு மிஞ்சி நிண்டுது. பிள்ளைக்கு எண்டு எழுதினார். எழுதேக்கை அழுதவர். அது படத்தில வராது.

நாங்கள் ஏமாந்துபோய் எழுதேல்லை. தெரிஞ்சுதான் எழுதினம். உங்களுக்குக் கோவம் வருது, வரத்தான் வேணும். ஆனால் எனக்கும் கோவம் வருது, மச்சாள், உங்களிலயும் வருது. நீங்கள் பாரிசில இருந்துகொண்டு கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு சொல்லலாம். உங்களுக்கு அடுப்பு எரியும். இஞ்சை என்ர தம்பி அடுத்தவன் பாட்டில வள்ளத்தை இழுக்கப் போய் அடி வாங்கிக்கொண்டு வந்தவன். பாடு வேணும் எண்டா, செத்த ஆக்கள் ஒருக்காப் பொறுக்கத்தான் வேணும் எண்டு நினைச்சம். அப்பாவிட்டை மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் அந்தப் பேனையைத் தொட்டனான்.

பிள்ளையின்ர கதை எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இவர் அந்தச் சிலுவையைத் தொட்டிருக்கமாட்டார். அதை மட்டும் நம்புங்கோ. சுஜானிக்கு அன்பு முத்தங்கள்.

மச்சாள் கஜானி


லா சப்பல்
24-08-2025

அன்புள்ள கஜானிக்கும் தம்பிக்கும்,

ரெண்டுபேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. உடம்பைப் பழுதாக்கி ஆருக்கும் லாபமில்லை. எனக்குப் பிறசர் அப்பிடியேதான் நிக்குது, சாகமாட்டன்.

கஜானி, உன்ர காயிதத்தைச் சுஜானிக்கு வாசிச்சுக் காட்டினன். நீ என்னை ஏசினது சரி. இன்னும் நாலு வைச்சிருக்கலாம். எனக்கு அடுப்பு எரியுது, ஓம். உன்ர தம்பிக்கு மருந்து கட்டினதோ, இல்லையோ எண்டு எழுது.

நதாலி திரும்ப வந்தவள். கடைக்குள்ள சனம், நான் ஊசியும் நூலுமா நிக்கிறன், அப்பிடியே எல்லாத்தையும் சொன்னன். டோசர், வொலிபோல், மார்க்கர்ப் பேனை எல்லாம். எனக்குப் பிரெஞ்சு முட்டுப்பட்ட இடத்தில, சட்டை அளவு குடுக்க வந்த பிள்ளை எடுத்துக் குடுத்தாள். நதாலியின்ர முகம் வெளிறிப்போச்சு. அவளுக்குத் தெரியாதாம். படத்தில வரிசையாச் சிலுவையளைப் பாத்து நல்லாப் பராமரிக்கினம் எண்டு நினைச்சவளாம்.

கொஞ்ச நேரத்தால அவள் சொன்னதுதான் எனக்குப் பத்தி எரியுது. "மடம், இதை எழுதினா அவங்கள் வாசலைப் பூட்டுவாங்கள். எழுதாமல் விட்டா வாசல் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கும். எல்லா நாட்டிலயும் இப்பிடித்தான் தொடங்கிறது" எண்டாள். கள்ளம் இல்லாமல்தான் சொன்னாள், கண் கலங்கித்தான் சொன்னாள். "அப்ப உங்கட ஜனநாயகம் என்ர பொய்யிலதானோ தொடங்கோணும்?" எண்டு கேட்டன். "கடதாசியில உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு வா. எங்கட சேமக்காலையை இடிச்சவங்கள், எங்கட குடா எங்களுக்கு வேணும் எண்டு எழுது. ரெண்டு கையாலயும் கையெழுத்து வைக்கிறன்" எண்டன். அப்பிடி ஒரு கடதாசியை அவையின்ர கந்தோர் ஏற்காதாம்.

பேதுரு, உனக்கு ஒரு வேலை சொல்லுறன். கல்லறைத் திருநாளுக்கு வாசல் திறப்பாங்கள்தானே. வேலியைத் தாண்டிக் கடல் பக்கம் போ. அந்தப் பாலை மரம் நிக்குதோ எண்டு பார். நிண்டா அதுக்குக் கீழ ஒரு மெழுகுதிரி கொளுத்து. படம் எடுக்கவேண்டாம்.

அக்கா


மன்னார்
21-09-2025

அக்கா,

நான்தான். இந்தமுறை செய்தி வாசிக்கேல்லை.

சுகமில்லை எனக்கு. நித்திரை இல்லை.

நீங்கள் என்னைப் பேசினது எல்லாத்தையும் வாங்கிக்கொள்ளுறன். ஆனால் ஒண்டு கேக்கிறன், அக்கா. முப்பத்தாறு வருசம் எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் இன்னும் விடுதியில நிக்கிற பெடியனே? அத்தான் செத்தண்டைக்குப் போனில எவ்வளவு கதைச்சம், அண்டைக்காவது சொன்னீங்களோ? அந்தப் பேனை கையில இருக்கேக்கை எனக்கு உங்கட முகம்தான் வந்தது. அக்காவுக்கு இத்தினை வருசத்தில நான் ஒண்டும் குடுக்கேல்லை, இதையாவது குடுப்பம் எண்டு நினைச்சன். பேர் தெரியாது. கண்ட பேரை எழுத மனம் வரேல்லை, ஐயாவின்ர பேரை எழுதினன். படம் சுவருக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியாது. அவை கேட்டவை, குடுத்தன்.

நீங்கள் சொன்ன வேலை என்னால ஏலாது. அந்தப் பக்கம் அவங்கட ஜீப் விடுற இடம். போனா அண்டைக்கே என்ர வேலை போயிடும். வேலை மட்டுமில்லை, வீட்டு வாசல்ல சிவில் உடுப்பில வந்து நிண்டு பேர் கேப்பாங்கள். எனக்குப் பிள்ளையள் இருக்கு. உங்களுக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன். விளங்காட்டிலும் என்ன செய்ய.

தம்பி


மன்னார்
09-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் சுஜானியும் சுகமோ? நாங்கள் எல்லாரும் சுகம். இப்பிடி எழுதிக் கனகாலம்.

கல்லறைத் திருநாளுக்கு வாசல் திறந்தவங்கள். வெளிநாட்டு ஆக்கள் போன முறையை விடக் கூடப்பேர் வந்தவை, கமராவோட. நதாலியும் வந்தவள். பாதர் சிலுவையளுக்குத் தீர்த்தம் தெளிச்சுக்கொண்டு போறார், சனம் அவரவர் எழுதின சிலுவைக்கு முன்னால மெழுகுதிரியோட நிக்குது. நானும் போய் அந்த மூண்டாவது வரிசையில நிண்டன். சவேரி எண்டு என்ர கையெழுத்து என்னைப் பாக்குது. நிக்க ஏலாமல் போச்சு, அக்கா. மெழுகுதிரியைக் கையில எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினன்.

மரம் நிக்குது. நல்லாக் கிளைச்சு நிக்குது. நிழலுக்கு எண்டு அதுக்குக் கீழ ஜீப் ஒண்டை விட்டிருக்கிறாங்கள். நான் சில்லுக்குப் பக்கத்தில மண்ணைக் கிளறி மெழுகுதிரியை நட்டன். ஒரு பெடியன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பின்னால பெரியவன் ஒருத்தன் வந்தான். அவன் கத்தேல்லை, வெளிநாட்டு ஆக்களைப் பாத்துப்போட்டு மெல்லமாக் கேட்டான், இஞ்சை என்ன வேலை எண்டு. "இஞ்சை என்ர அக்காவின்ர பிள்ளை கிடக்கிறான். ஜீப்பை எடுங்கோ" எண்டன். எனக்கே என்ர குரல் புதுசா இருந்தது.

அவன் ஒண்டும் சொல்ல முன்னம், கஜானி தன்ர சிலுவைக்கு முன்னால இருந்த மெழுகுதிரியைப் புடுங்கி எடுத்தாள். நேரே போய் வொலிபோல் கம்பத்தடியில நட்டு, முழங்கால்ல நிண்டு, "அப்பா" எண்டு பெரிசாக் கூப்பிட்டாள். அதுதான், அக்கா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிலுவைக்கு முன்னால நிக்கேல்லை. சமையல்கட்டு வாசல்ல கொளுத்தினவை. கொடிக்கம்பத்தடியில கொளுத்தினவை. நான் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் தண்ணித்தாங்கிக்குக் கீழ கொளுத்தினன், அவை அங்கைதான். காம்ப் முழுக்க மெழுகுதிரி, சிலுவையடியில மட்டும் ஒண்டும் இல்லை. கமராக்காரனுக்கு எங்கை பாக்கிறது எண்டு தெரியேல்லை. மரத்தடிக்கு வந்தான். நதாலி அவனை வேண்டாம் எண்டு மறிச்சாள்.

பாதர் ஒரு நிமிசம் யோசிச்சுப்போட்டு மரத்தடிக்கு வந்தார். தீர்த்தம் தெளிச்சார். மூப்பர் இருந்திருக்கோணும் பாக்கிறதுக்கு.

இனி மற்றக் கதை. அண்டைக்குப் பின்னேரமே வாசலைப் பூட்டிட்டாங்கள். பாடு தாற கதையும் நிண்டுபோச்சு. எனக்கு வேலை இல்லை, விடுமுறை எண்டு பேர். ரெண்டுதரம் வந்து விசாரிச்சுப்போட்டுப் போனவங்கள். வள்ளக்காரர் சிலபேர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கினமில்லை. அவையின்ர கோவத்திலயும் ஞாயம் இருக்கு. கஜானியின்ர தம்பி மட்டும் வந்து, "அத்தான், பாட்டைப் பிறகு சண்டை பிடிச்சு எடுப்பம்" எண்டுபோட்டுப் போனான்.

சிலுவையளை எல்லாம் புடுங்கி றோட்டுக் கரையில எறிஞ்சு கிடந்தது. பிள்ளைக்கு எண்டு எழுதினதை நான் கொண்டுவந்து வைச்சிருக்கிறன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, ஐயாவின்ர பேரை அழிச்சிட்டன். பேனையும் கிடக்கு. மருமகனுக்கு என்ன பேர் எழுத, அக்கா?

உங்கட தம்பி
பேதுரு


லா சப்பல்
07-12-2025

என்ர அருமைத் தம்பி பேதுருவுக்கு,

நீ சுகமோ? கஜானி சுகமோ? விசாரிக்க வந்தவங்கள் கை கிய் வைச்சவங்களோ? ஒளிக்காமல் எழுது.

உன்ர காயிதத்தைக் கடையில வைச்சு வாசிச்சு, மெசினில தலை வைச்சு அழுதன். பிறகு எழும்பி எல்லாரையும் பேசினன். சும்மா நிண்ட ஆக்களுக்கும் பேச்சு விழுந்தது.

கந்தோரில இருந்து வேற ஒரு ஆள் வந்தது, கழுத்துப்பட்டியோட. நதாலி இப்ப அங்கை இல்லையாம். ஏன் எண்டு கேட்டன், சொல்லத் தெரியாதாம். புதுக் கடதாசி. "சில உணர்ச்சிகரமான சம்பவங்கள் நடந்தபோதும்" எண்டு தொடங்குது. நான் முழுக்க வாசிச்சுப் பாத்தன், உள்ளுக்கு அதே திருப்திதான். "என்ர கையெழுத்து வேணுமெண்டா அந்தப் பாலை மரத்தடிக்கு வாங்கோ, அங்கை வைச்சுப் பேசுவம்" எண்டு அனுப்பிட்டன். பகிடி இல்லை. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நானும் சுஜானியும் வாறம். அவள் இப்பவே ரிக்கற் பாக்கிறாள். வாசல் பூட்டிக் கிடந்தா வாசல்ல குந்துவம். வள்ளக்காரரையும் வரச்சொல்லு, பாட்டுக்கும் சேத்துக் குந்துவம். என்னோட கோவம் எண்டா வந்து என்னைப் பேசச் சொல்லு, நேரில வாங்கிக்கொள்ளுறன்.

பிள்ளைக்குப் பேர் கேட்டாய். பேர் இருக்கு, தம்பி. அவன் வயித்துக்குள்ள கிடக்கேக்கையே வைச்ச பேர். அத்தானுக்கு மட்டும் தெரியும், இப்ப சுஜானிக்கும் சொல்லியிருக்கிறன். சிலுவையைக் கவனமா வைச்சிரு, பேனையையும் வைச்சிரு. வந்து மரத்தடியில நிண்டு வாயால சொல்லுறன், கேட்டு எழுது. இதில எழுதமாட்டன். எழுதினா, அதையும் கொண்டுபோய்ச் சுவரில கொளுவுவாங்கள்.

உன்ர அக்கா